காஸில் ராக் வழக்கு: பாதுகாப்பு உத்தரவுக்குள் பிள்ளைகள் எங்கே?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வருக்குத் தெற்கே இருக்கிற சிற்றூர் காஸில் ராக். 1999 ஜூன் 22 மாலை அந்த ஊரில் ஒரு வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று சிறுமிகள் காணாமல் போனார்கள். விடிவதற்குள் மூவரும் இறந்திருந்தார்கள். அவர்களுடைய அம்மா ஜெசிகா கொன்சாலெஸ் (இன்று ஜெசிகா லெனஹன்) ஊர் நிர்வாகத்தின் மீது போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அப்புறம், வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகளுக்குப் பொதுவான அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்துக்குப் போனது. அங்கே வென்றது.

கணவர் நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் போட்ட பாதுகாப்பு உத்தரவை அமல்படுத்தாத போலீஸிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா என்ற கேள்விக்காகத்தான் சட்டம் படிப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. அந்த உத்தரவில் பிள்ளைகளும் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் என்று எழுத்திலேயே இருந்தது. இருந்தும், உத்தரவைத் திருத்தியபோது, போலீஸ் அதைக் கையில் வாங்கியபோது, உச்ச நீதிமன்றம் அதை அலசியபோது என ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். அது எப்படி நடந்தது என்று தடம் பிடித்துப் போனால், இப்படி உத்தரவு எழுதுகிற நீதிமன்றத்துக்கும் அதைக் கையில் வாங்குகிற அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டிய பல விஷயங்கள் கிடைக்கின்றன.

உத்தரவு என்ன சொன்னது

விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 1999 மே 21 அன்று மாநில நீதிமன்றம் கணவர் சைமன் கொன்சாலெஸுக்கு எதிராகத் தடை உத்தரவு பிறப்பித்தது. மனைவியையோ எந்தப் பிள்ளையையோ துன்புறுத்தக் கூடாது, அவர்கள் நிம்மதியைக் குலைக்கக் கூடாது, வீட்டிலிருந்து எப்போதும் குறைந்தது 100 கெஜம் தள்ளியே இருக்க வேண்டும் என்பது சாரம். அச்சடித்த படிவம்தான். அதன் பின்பக்கத்தில் போலீஸாருக்கென்று ஓர் அறிவிப்பு இருந்தது. உத்தரவை அமல்படுத்த நியாயமான எல்லா வழிகளையும் பயன்படுத்த வேண்டும். மீறியதாக நம்பத் தகுந்த தகவல் இருந்தால் கைது செய்ய வேண்டும், கைது முடியாத சூழ்நிலை என்றால் பிடிவாரண்ட் கேட்க வேண்டும். 'செய்யலாம்' என்ற பேச்சே அதில் இல்லை.

ஜூன் 4 அன்று உத்தரவு சைமனிடம் சேர்ப்பிக்கப்பட்டது. அதே நாளில் நீதிமன்றம் அதை நிரந்தரமாக்கியது. நிரந்தரமாக்கும்போது ஒரு திருத்தமும் செய்தது: ஒன்றுவிட்டு ஒரு வார இறுதியில் பிள்ளைகள் அப்பாவோடு இருக்கலாம், கோடை விடுமுறையில் இரண்டு வாரம் இருக்கலாம், நியாயமான முன்னறிவிப்போடு வாரத்தின் நடுவில் ஒருநாள் இரவு சாப்பாட்டுக்கு அழைத்துப் போகலாம், அதை இருவரும் பேசி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பிள்ளைகளை அழைத்துக்கொள்வதற்காக அவர் வீட்டுக்கு வரவும் அனுமதி.

இந்த வாசகத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். 100 கெஜம் தள்ளி நிற்க வேண்டிய மனிதருக்கு வாசல் வரை வரும் வழியைப் பிள்ளைகள் பெயரில்தான் திறந்துவிட்டிருக்கிறார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் கையிலிருந்து யார் கைக்கு என்று இல்லை. நியாயமான முன்னறிவிப்பு என்றால் ஒரு நாளா, ஒரு மணி நேரமா என்றும் இல்லை. 'இருவரும் பேசி' என்று இருக்கிறது. யாரிடமிருந்து தள்ளி இருக்க நீதிமன்றத்தின் உதவியை நாடினாரோ, அவரிடமே பேசி முடிவெடுக்கச் சொல்கிறது. அம்மாவுக்கான பாதுகாப்பு கெஜக் கணக்கில் வந்தது. பிள்ளைகளுக்கான பாதுகாப்பு பெற்றோரின் ஏற்பாட்டுக்கு விடப்பட்டது.

நீதிமன்றங்கள் கெட்ட எண்ணத்தில் இப்படி எழுதுவதில்லை. பிள்ளைக்கு அப்பா வேண்டும் என்ற எண்ணம் நியாயமானது, பல குடும்பங்களில் உண்மையும்கூட. சிக்கல் என்னவென்றால், மனைவிக்கு ஆபத்தானவர் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, பிள்ளைகளுக்கு அவர் எப்படிப்பட்டவர் என்று தனியாக விசாரிக்காமலேயே அடுத்த பக்கத்தை எழுதிவிடுகிறார்கள்.

அந்த இரவு

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த வழக்கு சாட்சி விசாரணைக்கே போகவில்லை. ஆரம்பக் கட்டத்திலேயே தள்ளுபடியானதால், ஜெசிகாவின் மனுவில் இருந்தவற்றை உண்மை என்று எடுத்துக்கொண்டே மேல் நீதிமன்றங்கள் சட்டம் பேசின. கீழே வரும் நேரங்கள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படிப் பதிவு செய்தவை.

அன்று செவ்வாய்க்கிழமை. மாலை 5 அல்லது 5.30 மணி இருக்கும். வீட்டுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த மூன்று பிள்ளைகளையும் சைமன் கூட்டிக்கொண்டு போனார். மூத்தவளுக்கு 10 வயது, கடைசிப் பெண்ணுக்கு 7. முன்கூட்டி எந்த ஏற்பாடும் இல்லை. பிள்ளைகளைக் காணோம் என்றதும் ஜெசிகாவுக்கு அவர் மீதுதான் சந்தேகம் போனது.

7.30 மணிவாக்கில் போலீஸுக்கு போன் செய்தார். இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். உத்தரவின் நகலைக் காட்டி, இதை அமல்படுத்துங்கள், பிள்ளைகளை உடனே கொண்டுவந்து சேருங்கள் என்று கேட்டார். உத்தரவை வைத்துத் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது, இரவு 10 மணி வரை பிள்ளைகள் வரவில்லை என்றால் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

8.30 மணிக்கு சைமனே கைப்பேசியில் பேசினார். டென்வரில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் பிள்ளைகளோடு இருப்பதாகச் சொன்னார். ஜெசிகா மறுபடி போலீஸைக் கூப்பிட்டார். ஆள் இருக்கும் இடம் இப்போது தெரிந்துவிட்டது. பூங்காவில் அவரையோ அவர் வண்டியையோ தேட ஆள் அனுப்புங்கள், எல்லாக் காவல் நிலையங்களுக்கும் தகவல் கொடுங்கள் என்றார். மறுத்துவிட்டார்கள். பத்து மணி வரை பாருங்கள் என்பதே பதில். 10.10-க்குக் கூப்பிட்டார், நள்ளிரவு வரை பாருங்கள் என்றார்கள். நள்ளிரவில் கூப்பிட்டார். சைமனின் குடியிருப்புக்குத் தானே போய்ப் பார்த்தார், யாரும் இல்லை. 12.10-க்கு அங்கிருந்து கூப்பிட்டார், அதிகாரி வருவார், அங்கேயே இருங்கள் என்றார்கள். யாரும் வரவில்லை. 12.50-க்கு நேராக ஸ்டேஷனுக்கே போய் எழுத்தில் புகார் கொடுத்தார். அந்தப் புகாரை வாங்கிய அதிகாரி பிள்ளைகளைத் தேட உருப்படியாக எதுவும் செய்யாமல் சாப்பிடப் போய்விட்டார் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது.

அதிகாலை 3.20. சைமன் தன் பிக்கப் வண்டியில் காவல் நிலையத்துக்கு வந்து, அன்று மாலை வாங்கிய கைத்துப்பாக்கியால் சுட ஆரம்பித்தார். போலீஸ் திருப்பிச் சுட்டதில் இறந்தார். வண்டிக்குள் மூன்று பிள்ளைகளின் உடல்களும் இருந்தன.

"அப்பாவோடுதானே இருக்கிறார்கள்"

ஏறக்குறைய எட்டு மணி நேரம் போலீஸ் ஏன் நகரவில்லை? சோம்பல், அலட்சியம் என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதிதான். மற்ற பாதி அந்த உத்தரவிலேயே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மாலை, சாப்பாட்டு நேரம். வாரத்தின் நடுவில் ஒருநாள் சாப்பாட்டுக்கு அழைத்துப் போகலாம் என்ற வாசகம் படிவத்தில் இருக்கிறது. முன்னறிவிப்பு கொடுத்தாரா, ஏற்பாடு இருந்ததா என்பது அம்மாவின் வாய்மொழி. சந்தேகத்தின் பலன் யாருக்குப் போக வேண்டும் என்று அந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டும். அப்பாவுக்குப் போனது.

பின்னால் இந்த விவகாரம் மனித உரிமை ஆணையத்துக்குப் போனபோது அமெரிக்க அரசு எடுத்த நிலையும் ஏறக்குறைய இதுதான்: அன்று போலீஸிடம் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் இந்த முடிவை யாரும் ஊகித்திருக்க முடியாது, அவர்கள் நியாயமாகவே நடந்துகொண்டார்கள். இந்த வாதத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. காணாமல் போன பிள்ளை அந்நியரோடு இருந்தால் ஆபத்து, அப்பாவோடு இருந்தால் குடும்பத் தகராறு என்ற நம்பிக்கை. தடை உத்தரவு என்பதே இந்த நம்பிக்கையை இந்த ஒரு குடும்பத்துக்கு ரத்து செய்துவிட்ட தாள். ஒரு நீதிபதி உட்கார்ந்து, இந்த மனிதர் இந்தப் பிள்ளைகளைத் துன்புறுத்தக்கூடும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கு மேல் எந்தத் தகவல் வந்தால் ஊகிக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை ஏற்க, இத்தனை மணி நேரம் பொறுத்துத்தான் வாங்குவோம் என்று எந்தக் காவல் துறையும் விதி வைத்திருக்கக் கூடாது என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1990-இலேயே சொல்லிவிட்டது. இந்த அம்மாவுக்கு முதலில் பத்து மணி, அப்புறம் நள்ளிரவு என்று கெடு நீண்டுகொண்டே போனது. அப்பா கூட்டிப்போன பிள்ளை காணாமல் போன பிள்ளையாகவே யார் கண்ணுக்கும் படவில்லை.

2005: சொத்து என்று சொல்ல வேண்டி வந்தது

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2005 ஜூன் 27 அன்று வந்தது. 7-க்கு 2. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அன்டோனின் ஸ்கலியா. மாறுபட்டவர்கள் ஜான் பால் ஸ்டீவன்ஸும் ரூத் பேடர் கின்ஸ்பர்கும்.

வழக்கு ஏன் அந்த வடிவத்தில் போனது என்பதற்கு 1989-க்குப் போக வேண்டும். விஸ்கான்சின் மாநிலத்தில் நான்கு வயதுப் பையனை அவன் அப்பா அடித்து மூளையில் நிரந்தரச் சேதம் உண்டாக்கிவிட்டார். சமூக நலத் துறைக்கு ஏற்கனவே பலமுறை தகவல் போயிருந்தது. அந்த டிஷேனி வழக்கில் உச்ச நீதிமன்றம், தனிமனிதர் செய்யும் வன்முறையிலிருந்து காப்பாற்றும் கடமையை அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தம் அரசின் மீது சுமத்தவில்லை என்று சொல்லிவிட்டது. அந்தக் கதவு மூடியதால் ஜெசிகாவின் வழக்கறிஞர்கள் வேறு கதவைத் தட்டினார்கள். உரிய நடைமுறை இல்லாமல் யாருடைய சொத்தையும் அரசு பறிக்கக் கூடாது என்றும் அதே திருத்தம் சொல்கிறது. உத்தரவு அமலாக வேண்டும் என்பது அவருக்குச் சேர வேண்டிய ஒரு சொத்து, உரிய நடைமுறை இல்லாமல் அதைப் பறித்துவிட்டார்கள் என்று வாதாடினார்கள்.

ஸ்கலியா இதை ஏற்கவில்லை. சட்டத்தில் 'வேண்டும்' என்று இருந்தாலும் போலீஸுக்கு எப்போதும் விருப்புரிமை இருந்தே வந்திருக்கிறது என்றார். அப்படியே கட்டாயம் என்று வைத்துக்கொண்டாலும், அதனால் பாதிக்கப்பட்டவருக்குத் தனிப்பட்ட உரிமை பிறந்துவிடாது, பிறந்தாலும் அது சொத்து ஆகாது என்றார். ஸ்டீவன்ஸ் கேட்டது எளிமையான கேள்வி. இதே அம்மா ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்தோடு தன் பிள்ளைகளைக் காக்க ஒப்பந்தம் போட்டிருந்தால், அதைச் சொத்துரிமை என்று தயங்காமல் ஒத்துக்கொள்வோமே, அரசே கொடுத்த உறுதிமொழி மட்டும் எப்படிக் குறைந்துபோகும்? கொலராடோ சட்டமன்றம் 1994-இல் கைதைக் கட்டாயமாக்கியதே போலீஸின் பழைய மெத்தனத்தை உடைக்கத்தான் என்பதையும் அவர் விளக்கமாக எடுத்துச் சொன்னார். எனக்கு அவர் வாதம்தான் சரியாகப் படுகிறது.

ஆனால் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட, பேச்சு எதைப் பற்றி நடந்தது என்பது என்னை அதிகம் பாதிக்கிறது. வழக்கை ஜெசிகா தன் பெயரில் மட்டுமல்ல, இறந்த பிள்ளைகளின் சார்பிலும் போட்டிருந்தார். உச்ச நீதிமன்றம் வரை வந்தபோது மேஜையில் இருந்த கேள்வி, அம்மாவின் கையில் இருந்த தாளுக்குச் சொத்து மதிப்பு உண்டா என்பதுதான். உயிரோடு இருக்கும் உரிமை அந்தச் சிறுமிகளுக்கு இருந்ததா என்று கேட்க அந்த மன்றத்தில் வழியே இருக்கவில்லை.

2011: பிள்ளைகள் உரிமை உள்ளவர்களாக வருகிறார்கள்

2005 டிசம்பரில் ஜெசிகா வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்தில் மனு கொடுத்தார். கொலம்பியா சட்டக் கல்லூரியின் மனித உரிமைப் பிரிவும் அமெரிக்க சிவில் உரிமைகள் சங்கமும் துணை நின்றன. ஆணையம் 2011 ஜூலை 21 தேதியிட்ட 80/11 எண் அறிக்கையில் தன் முடிவைச் சொன்னது. அமெரிக்க அரசு, மனித உரிமைகளுக்கான அமெரிக்கப் பிரகடனத்தை மீறியிருக்கிறது. சமத்துவ உரிமை, நீதிமன்றப் பாதுகாப்பு பெறும் உரிமை ஆகியவற்றோடு, மூன்று சிறுமிகளின் உயிருரிமையும் குழந்தைகள் என்ற முறையில் அவர்களுக்கு உண்டான சிறப்புப் பாதுகாப்பு உரிமையும் மீறப்பட்டிருக்கின்றன.

தடை உத்தரவு பிறப்பித்த கணமே அரசுக்கு ஆபத்து தெரிந்திருந்தது என்று பொருள், அந்த ஆபத்து அம்மாவுக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் என்பதுதான் ஆணையம் போட்ட அடித்தளம். நீதிமன்றத்துக்குத் தெரிந்தது போலீஸுக்குத் தெரியவில்லை என்று அரசு தப்பிக்க முடியாது.

அதே அறிக்கையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் எப்போது, எங்கே, எப்படி இறந்தார்கள் என்று முறையாக விசாரிக்கவே இல்லை. அப்பாதான் முன்பே கொன்றுவிட்டார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஸ்டேஷன் வாசலில் இரண்டு பக்கமும் குண்டுகள் பறந்திருக்கின்றன, அதற்கு முன்பே உயிர் போய்விட்டதா என்று அந்த அம்மாவுக்கு உறுதியாகச் சொல்ல அரசிடம் ஆய்வு இல்லை. அதனால் ஆணையத்தின் முதல் பரிந்துரையே மரணத்தின் காரணம், நேரம், இடம் மூன்றையும் நேர்மையாக விசாரித்துச் சொல்லுங்கள் என்பது. பாதுகாப்பு உத்தரவு மீறப்பட்டு, அதே நேரத்தில் பிள்ளைகளைக் காணோம் என்று புகார் வந்தால் போலீஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்குத் தனி நெறிமுறை வகுக்கச் சொன்னதும் அதில் இருக்கிறது. எனக்கு இந்த அறிக்கையில் மிகவும் பயனுள்ள வரி அதுதான்.

ஆணையத்தின் பரிந்துரைகள் தன்னைக் கட்டுப்படுத்தாது என்பது அமெரிக்க அரசின் நிலைப்பாடு. ஆனாலும் சின்சினாட்டியில் தொடங்கிப் பல உள்ளாட்சி அமைப்புகள், குடும்ப வன்முறையிலிருந்து விடுபட்டு வாழ்வது மனித உரிமை என்று தீர்மானம் போட்டன. கூட்டாட்சி நீதித் துறை 2015-இல், இத்தகைய புகார்களைக் கையாளும்போது பாலினப் பாகுபாடு நுழையாமல் பார்த்துக்கொள்ள போலீஸுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது.

வீட்டைச் சுற்றி வரைந்த கோடு: ஆஸ்திரியா

காஸில் ராக்கில் நடந்தது ஒரு சிற்றூர் காவல் நிலையத்தின் குறை என்று யாராவது நினைத்தால், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021 ஜூன் 15 அன்று தீர்ப்பளித்த குர்ட் எதிர் ஆஸ்திரியா வழக்கைப் படிக்க வேண்டும். இங்கே போலீஸ் தாமதிக்கவில்லை. 2012 மே 22 அன்று ஓர் அம்மா விவாகரத்து கேட்டு மனு செய்துவிட்டு, கணவர் அடித்ததையும் மிரட்டியதையும் போலீஸில் சொன்னார். அவர் சொன்ன மிரட்டல்களில் பிள்ளைகளை அவர் கண் முன்னாலேயே கொல்வேன் என்பதும் இருந்தது. போலீஸ் அன்றே பிள்ளைகளிடம் பேசியது. அப்பா தங்களையும் அடிப்பார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். கணவரிடம் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு வீட்டுக்கும் அம்மாவின் பெற்றோர் வீட்டுக்கும் வரக் கூடாது என்று தடை போட்டார்கள்.

மூன்று நாள் கழித்து அவர் பள்ளிக்கூடம் போனார். மகனிடம் தனியாக ஒரு நிமிடம் பேச வேண்டும், பணம் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியையிடம் கேட்டார். குடும்பத்தில் என்ன நடக்கிறது என்று ஆசிரியைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் அனுப்பினார். எட்டு வயதுப் பையனை, தங்கை பார்த்துக்கொண்டிருக்க, அப்பா சுட்டார். இரண்டு நாளில் பையன் இறந்தான்.

அரசு தன் கடமையிலிருந்து தவறவில்லை என்று 17 நீதிபதிகளில் 10 பேர் சொன்னார்கள், 7 பேர் மாறுபட்டார்கள். அன்று கிடைத்த தகவலை வைத்து, பள்ளியில் பிள்ளையைக் கொல்லும் உடனடி ஆபத்து இருப்பதாகக் காண முடியாது என்பது பெரும்பான்மையின் கருத்து. அந்த 7 பேரோடுதான் என் மனம் நிற்கிறது. ஆனால் அதே தீர்ப்பில் நல்லதொரு நெறி இருக்கிறது: பாதிக்கப்பட்டவர் என்ன சொல்கிறார் என்பதோடு நிற்காமல் அதிகாரிகள் தாங்களாகவே, முன்கூட்டியே, முழுமையாக ஆபத்தை மதிப்பிட வேண்டும், ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

தடைக் கோட்டை வீட்டைச் சுற்றி வரைந்தார்கள். எட்டு வயதுப் பையன் பகலில் வீட்டில் இருப்பதில்லை. 2013-இல் ஆஸ்திரியா சட்டத்தைத் திருத்தி, பள்ளியையும் குழந்தைகள் காப்பகத்தையும் தடைக்குள் கொண்டுவர வழிசெய்தது. அவ்வளவு சின்னத் திருத்தம்.

உத்தரவால் பயன் இல்லையா?

இந்த இரண்டு வழக்குகளையும் படித்துவிட்டு, உத்தரவெல்லாம் வெறும் காகிதம் என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. சியாட்டில் நகரப் பெண்களைப் பற்றி 2002-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு, நிரந்தரப் பாதுகாப்பு உத்தரவு பெற்றவர்களிடம் அடுத்த ஓராண்டில் போலீஸில் பதிவான உடல் வன்முறை 80 சதவீதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. தற்காலிக உத்தரவு மட்டும் கையில் இருந்த பெண்களிடம் மனரீதியான துன்புறுத்தல் கூடியிருந்ததையும் அதே ஆய்வு சொல்கிறது. அம்மா அடிபடாத வீட்டில் பிள்ளை தூங்குகிறது, பள்ளிக்குப் போகிறது. உத்தரவின் பெரிய நன்மை பிள்ளைகளுக்கு இப்படித்தான் வந்து சேருகிறது, ஓசையில்லாமல். செய்தியாவது தோற்ற உத்தரவுகள் மட்டுமே.

பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் உத்தரவு குழப்பமான பொருள். தான் நேசிக்கிற, அதே சமயம் பயப்படுகிற ஒருவரைப் பற்றிய 'கூடாது'கள் அதில் இருக்கின்றன. அப்பா போன் செய்தால் எடுக்கலாமா? வாசலில் வந்து நின்று கூப்பிட்டால் போகலாமா? போனால் தானும் சட்டத்தை மீறியதாகுமா? பல பிள்ளைகள் இந்தப் பயத்தை யாரிடமும் சொல்வதில்லை. உத்தரவு கட்டுப்படுத்துவது தடை விதிக்கப்பட்டவரை மட்டும்தான், பிள்ளை கூடவே போனாலும் குற்றம் பிள்ளையுடையது ஆகாது என்பதை வயதுக்கேற்ற வார்த்தையில் யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். நீதிமன்றம் சொல்வதில்லை. போலீஸும் சொல்வதில்லை. அம்மா சொன்னால் அது அப்பாவுக்கு எதிரான பேச்சாகக் கேட்கும். பெற்றோர் நேரடியாகப் பேசக் கூடாது என்று உத்தரவு சொன்னால், தூது போகும் வேலை மூத்த பிள்ளையின் தலையில் விழுகிறது. ஃபீஸ் கட்டியாச்சா என்று அப்பாவிடம் கேள், ஞாயிற்றுக்கிழமை முடியாது என்று அம்மாவிடம் சொல். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரண்டு பெரியவர்களின் கோபத்தையும் வார்த்தை மாற்றி எடுத்துச் சொல்லப் பழகிக்கொள்கிறது. இதை எந்த அறிக்கையும் காயம் என்று பதிவதில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. வன்முறையைப் பார்த்து வளரும் பிள்ளையைக் காப்பாற்றவில்லை என்று அடிபட்ட அம்மாவிடமிருந்தே பிள்ளைகளைப் பிரித்த வழக்கம் நியூயார்க்கில் இருந்தது. நிக்கல்சன் வழக்கில் 2004-இல் அந்த மாநிலத்தின் உச்ச மன்றம், பிள்ளை வன்முறையைக் கண்டது என்பது மட்டுமே அம்மாவின் புறக்கணிப்பு ஆகாது என்று தீர்த்துச் சொன்னது. உத்தரவு கேட்கப் போனால் பிள்ளையை இழப்போம் என்ற பயம் இருக்கிற வரை அம்மாக்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

வாசகம் எழுதுகிறவர்களுக்கு

இந்த வழக்குகளைப் படித்தபின் ஓர் உத்தரவின் வரைவு கையில் வந்தால் நான் முதலில் பார்ப்பது பிள்ளைகளைப் பற்றிய பத்தியைத்தான். 'நியாயமான முன்னறிவிப்பு', 'இருவரும் பேசி' போன்ற சொற்கள் இருந்தால் அவற்றை எடுத்துவிட்டு கிழமை, மணி, இடம், கையில் ஒப்படைக்கும் மூன்றாம் நபர் என்று எழுத வேண்டும். நள்ளிரவில் இதைப் படிக்கப்போகிற காவலர் ஒரே பார்வையில் மீறலா இல்லையா என்று சொல்லும்படி இருக்க வேண்டும். இன்று செவ்வாய், உத்தரவில் இருப்பது சனி, அவ்வளவுதான், விவாதம் முடிந்தது. ஆபத்து பற்றிய கேள்வி தீராத வரை சந்திப்பு மேற்பார்வையோடுதான் நடக்க வேண்டும். மேற்பார்வை மையங்களில் இடம் கிடைப்பதும் செலவும் சிரமம்தான். அந்தச் சிரமத்தைக் காரணம் காட்டி மேற்பார்வையையே விட்டுவிடுவது மோசமான சிக்கனம்.

அப்புறம், பிள்ளை பகலில் எங்கெல்லாம் இருக்கிறதோ அந்த இடங்கள் எல்லாம் பெயரோடு உத்தரவில் வர வேண்டும். நகல் அங்கே போய்ச் சேர வேண்டும். ஆஸ்திரிய ஆசிரியைக்கு ஒரு தாள் கிடைத்திருந்தால் அவர் அந்தப் பையனை வகுப்பைவிட்டு அனுப்பியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

துப்பாக்கி அமெரிக்காவுக்கே உரிய தனிச் சிக்கல். இத்தகைய உத்தரவுக்கு உட்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம் 1994-இலிருந்தே இருக்கிறது. அதை 2024-இல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று உறுதி செய்தது. சட்டம் இருந்த நாட்டில்தான் சைமன் அன்று மாலை துப்பாக்கி வாங்கினார். தடை எழுதிய நீதிமன்றத்திலிருந்து துப்பாக்கி விற்கும் கடைக்குத் தகவல் போய்ச் சேர்ந்தால்தான் அந்தத் தடைக்கு அர்த்தம்.

குடும்ப நீதிமன்றங்கள் பக்கமும் கொஞ்சம் அசைவு தெரிகிறது. பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டத்தை 2022-இல் புதுப்பித்தபோது, கேய்டன் சட்டம் என்று அழைக்கப்படும் பகுதி சேர்ந்தது. அப்பாவோடான சந்திப்பின்போது கொல்லப்பட்ட ஏழு வயதுச் சிறுமியின் பெயர் அது. யாரிடம் பிள்ளை வளர வேண்டும் என்று முடிவெடுக்கும்போது பழைய வன்முறைச் சான்றுகளை நீதிபதிகள் பார்த்தாக வேண்டும், அதற்குப் பயிற்சி பெற வேண்டும் என்று சட்டம் இயற்றும் மாநிலங்களுக்கு நிதி உதவி தருகிறது அந்தப் பகுதி. கொலராடோ 2023-இல் அதையொட்டிச் சட்டம் இயற்றியது.

காஸில் ராக் தீர்ப்பு இன்றும் அமலில்தான் இருக்கிறது. ஆனால் அது மூடியது கூட்டாட்சி அரசியல் சட்டத்தின் கதவை மட்டும்தான். மாநிலச் சட்டங்களின் வழி திறந்தே இருக்கிறது. ஓரிகன் மாநில உச்ச நீதிமன்றம் நியரிங் எதிர் வீவர் வழக்கில், உத்தரவை மீறியவரைத் தெரிந்தும் கைது செய்யாத போலீஸார் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவார்கள் என்று தீர்ப்பளித்தது. காஸில் ராக் தீர்ப்புக்கு 22 ஆண்டுகள் முன்பு, 1983-இல். அந்த வழக்கின் வாதிகள் அம்மாவும் அவருடைய இரண்டு சிறு பிள்ளைகளும். பிள்ளைகள் பட்ட மன வேதனை அவர்களுடைய சொந்தப் பாதிப்பாகவே அதில் முன்வைக்கப்பட்டது. உத்தரவு மீறப்பட்ட வழக்கை இன்று எடுத்து நடத்தும் வழக்கறிஞர் முதலில் புரட்ட வேண்டிய தீர்ப்பு அதுதான்.